கூலி அழுகைக்கு எதற்குச் சட்டம்?

மனம் ஒட்டாமல் வேலை செய்பவனைக் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம். உள்ளே துக்கமில்லை, வெளியே அழுகை மட்டும். ஆகவே அது மேலோட்டம், பொய் என்பது அந்த ஏளனத்தின் கணக்கு. கி.மு. 2ஆம் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் லூசிலியஸும், கூலிக்கு அழும் பெண்கள்தான் அதிகமாகத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்கிறார்கள் என்று கேலி செய்தார். ஆனால் இந்த அழுகை வெறும் மேற்பூச்சு என்றால் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்திருக்காது.

தடுத்தார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன், இழவில் உடம்பைக் கீறிக்கொள்வதையும், கட்டிவைத்த ஒப்பாரியையும், ஒருவர் சாவில் இன்னொருவருக்காக அழுவதையும் விலக்கினார் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 450 வாக்கில் ரோமின் பன்னிரண்டு பலகைச் சட்டமும் பெண்கள் கன்னத்தைக் கீறக்கூடாது என்றது. ஆடம்பரச் செலவைக் குறைக்கத்தான் இவை என்று வாதிடலாம். குழலூதுவோர் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்ற விதியும் அதே ரோமானியச் சட்டத்தில் உண்டு. ஆனால் கன்னத்தைக் கீறக் காசு செலவாகாது. பெருங்குடும்பங்களின் இழவு தெருவுக்கு வந்து ஊரைத் திரட்டியது, பழைய பகையைக் கிளறியது என்ற விளக்கமே பொருந்துகிறது. கீறல் தோலோடு நின்றாலும் அதன் விளைவு அப்படி நிற்கவில்லை.

உணர்ச்சியில்லாமல் அழுவது ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். ஏமாற்று என்றால் ஏமாந்தவர் ஒருவர் வேண்டும்; வந்திருப்பவள் கூலிக்காரி என்பது இழவு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எகிப்தின் தீப்ஸில், கி.மு. 14ஆம் நூற்றாண்டு அமைச்சர் ராமோஸின் கல்லறைச் சுவரில் பெண்கள் கூட்டமாகக் கையுயர்த்தி நிற்கிறார்கள். கண்ணீர் கன்னத்தில் புள்ளிப் புள்ளியாக வழிகிறது. முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. யாருடைய தனித் துயரும் அதில் தெரியவில்லை. துக்கத்தின் பொது வடிவம் தெரிகிறது. நம் ஒப்பாரியிலும் மெட்டும் அடிகளும் முன்பே உள்ளவைதான். கைதேர்ந்தவள் இறந்தவரின் உறவையும் தொழிலையும் அதில் ஏற்றிப் பாட, தோளைக் கட்டிக்கொண்டு சுற்றியிருக்கும் பெண்கள் தங்கள் அழுகையைச் சேர்த்துவிடுகிறார்கள். அழுவதால்தான் துக்கப்படுகிறோம் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் சொன்னதை முழுதும் ஏற்க வேண்டியதில்லை. வாய்விட்டு அழ வழி கிடைக்காமல் உறைந்துபோகும் துக்கம் உண்டு என்பதை ஏற்றால் போதும். அந்த வழியைத் திறந்துவிடத்தான் அவளுக்குக் கூலி. அவளுக்கு உள்ளே துக்கமில்லை என்று குறை சொல்வது, அவள் விற்காத சரக்கைக் கேட்டுச் சண்டை போடுவது.