தோணியும் கசிவும்: தூத்துக்குடியின் கலப்பத்து வேலை

மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செருகி, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அடித்து இறுக்கி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசி நீர் புகாமல் அடைப்பதே கலப்பத்து. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் உப்பு, வெங்காயம், ஓடு, கட்டுமானப் பொருள்கள் ஏற்றிச் சென்ற தோணிகளின் ஆயுளை நிர்ணயித்தது இந்த வேலைதான். தோணியைக் கட்டி முடித்த ஆசாரியின் பெயர் ஊரில் நிற்கும். ஆனால் அது கடலில் இருந்த காலமெல்லாம் அதை மிதக்க வைத்தவர் கலப்பத்துக்காரர்.

இந்தியப் பெருங்கடலின் பழைய கலங்களில் பல ஆணியால் இணைக்கப்பட்டவை அல்ல. பலகைகளில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல்வழியே சென்ற மார்க்கோ போலோ, ஹோர்முஸ் துறைமுகத்தின் கலங்கள் கயிற்றால் தைக்கப்பட்டு மீன் எண்ணெய் பூசப்பட்டிருந்ததை எழுதியிருக்கிறார். மாபார் எனப்பட்ட தமிழகக் கிழக்குக் கரையின் முத்துக்குளிப்பையும், இன்றைய தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த காயல் துறையையும் விவரித்தவரும் அவரே. தைத்த கலம் அலையில் வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. ஆனால் கயிறு ஓடும் ஒவ்வொரு துளையும் நீர் நுழையும் வழி. அதில் நீர் இறைப்பது அன்றாட வேலையாகவே இருந்தது.

1530களில் போர்ச்சுக்கீசியர் முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கரையில் கால் ஊன்றினர். கோவாவிலும் கொச்சியிலும் அவர்கள் நடத்திய கப்பல் கட்டும் துறைகளில் இரும்பாணி அடித்த கலங்களும், இடுக்கில் நார் அடைக்கும் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறி, பின்னர் ஆங்கிலேயர் வசமானது. இந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கட்டுமுறையும் உள்ளூர்ப் பொருள்களும் ஒன்றோடொன்று கலந்தன. ஐரோப்பியர் பழைய சணல் கயிற்றைப் பிரித்து அடைத்த இடத்தில் இங்கே பருத்தித் திரி வந்தது. அவர்கள் தார் பூசிய இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பிசினான வெள்ளைக் குங்கிலியம் வந்தது. பருத்தி விளையும் கரிசல் மண் பக்கத்திலேயே இருக்கும் ஊருக்கு இது இயல்பான தேர்வு.

தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கையும் ஆட்களையும் சிறு கலங்களே கொண்டு சேர்த்தன. 1876இல் ரயில் வந்தது. அடுத்த பத்தாண்டின் இறுதியில் ஹார்வி நிறுவனத்தின் நூற்பாலை எழுந்தது. பஞ்சுப் பொதிகள் குவிந்தன. நனைந்த பொதிக்கு விலை இல்லை என்பதால், சரக்குத் தோணியின் அடித்தளம் காய்ந்திருப்பது வணிகரின் முதல் கவலையாயிற்று. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்களும் இதே துறையில்தான் நிற்க வேண்டியிருந்தது. 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்படும் வரை இந்தத் தோணிகளுக்கு மாற்று இல்லை.

தோணிக்குள் இரண்டு நீர் வரும். கீழிருந்து கடல்நீர், மேலிருந்து மழைநீர். கரையில் நிற்பவர் கடல்நீரையே பெரிதாக நினைப்பார். ஆனால் மரத்துக்கு அதிகம் கெடுதல் செய்வது மழைநீர்தான். உப்பு ஊறிய மரத்தில் உளுக்கச் செய்யும் பூஞ்சை எளிதில் வளராது. நல்ல தண்ணீர் தேங்கிய மூலையில் அது செழிக்கும். வெளிக்குத் தெரியாமல், கலத்தின் விலா எலும்பு போன்ற வங்குக்கால்களின் உச்சியும் தளத்தைத் தாங்கும் விட்டங்களின் முனையும் இற்றுப்போகும். தூத்துக்குடியின் வானிலை இதற்கு வாய்ப்பாக அமைந்தது. ஆண்டின் பெரும்பகுதி வெயில், ஐப்பசி கார்த்திகையில் மழை. மாதக்கணக்கில் காய்ந்த தளப்பலகைகள் சுருங்கி இடுக்கு விரியும், முதல் மழையே உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் காலையும் மாலையும் தளத்தில் கடல்நீரை வாரி ஊற்றும் வழக்கம் மரக்கலங்களில் இருந்தது. உப்பு ஏற்றிய தோணிக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. அதே சரக்கு மரத்தைக் காக்கும், மழை பட்டால் கரைந்தும் போகும். சரக்கறை வாய்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியும் இடுக்கு வழியே வரும் நீரைத் தடுக்க முடியாது.

கசிவைக் கண்டுபிடிப்பது அடைப்பதைவிடக் கடினம். நீர் தெரியும் இடமும் நீர் நுழைந்த இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. தளத்தின் முன்பக்க இடுக்கில் நுழைந்த மழைநீர் விட்டத்தின் அடிப்பக்கமாக ஓடி, வங்கு வழியே இறங்கி, பின்பக்கச் சரக்கில் சொட்டும். இன்றைய கார்ப் பட்டறையிலும் இதே கதைதான். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலை இலைச்சருகு அடைத்திருக்கும், நனைவது ஓட்டுநரின் காலடி விரிப்பு. அங்கேயும் இங்கேயும் வழி ஒன்றே. ஈரத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கிப் போக வேண்டும். உள்பக்கத்தை நன்றாக உலர்த்திவிட்டு, ஒருவர் மேலே தளத்தில் ஒரு சிறு பகுதியில் மட்டும் நீர் ஊற்ற, மற்றவர் கீழே விளக்குடன் பார்த்திருப்பார். எப்போதும் தாழ்ந்த பகுதியிலிருந்தே தொடங்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடுக்கையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. அடிப்பகுதிக்கு இதன் எதிர்முறை: கரையேற்றிய கலத்துக்குள் நீர் ஊற்றி, எங்கே வெளியே முத்துமுத்தாகத் துளிர்க்கிறது என்று பார்ப்பது. பலகையைத் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக.

இடம் தெரிந்த பின் பழைய திரியை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் வேலை பாழ். பழைய ஈரத் திரியின்மேல் புதியதை அடித்தால் உள்ளே நீர் சிறைப்பட்டு மரம் அழுகும். காய்ந்த இடுக்கில் எண்ணெய் தோய்த்த திரியை வளையம் வளையமாக மடித்து அடிப்பார்கள். அடி மெல்லியதாக இருந்தால் திரி கழன்று வரும். மிகுதியாக அடித்தால், பிறகு மரம் நீரில் ஊறிப் பருக்கும்போது பலகைகள் ஒன்றையொன்று தள்ளி ஆணி தளரும். எவ்வளவு போதும் என்பதைக் கொட்டாப்புளி திரும்பித் தரும் அதிர்வைக் கொண்டே கை அறியும். ஆணித் தலைகளின் கீழேயும் எண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றுவார்கள். மேலே குங்கிலியக் கலவை, வெளிப்பலகைக்குச் சுறா ஈரல் எண்ணெய், நீர்மட்டத்துக்குக் கீழே துளைப்புழு தாக்காதபடி சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த பூச்சு. தென்மேற்குப் பருவக்காற்று பலக்கும் மாதங்களில் பயணம் நிற்பதால், இந்த வேலைக்கான காலம் அதுவாகவே இருந்தது.

முத்துக்குளிக்கப் போன வள்ளங்களுக்கும் இதே கைகளே தேவைப்பட்டன. மன்னார் வளைகுடாவின் தமிழகப் பக்கத்தில் கடைசித் தொடர் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் வள்ளங்கள் மீன்பிடிப்புக்குத் திரும்பின.

தோணிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது தொழிலை மாற்றியது. இறைப்பதற்கு விசைப்பம்பு வந்ததால் சிறு கசிவைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் இயந்திரத்தின் ஓயாத அதிர்வு இடுக்குகளை விரைவாகத் தளர்த்தியது. மீன்பிடிப் படகுகள் கண்ணாடி இழைக்கு மாறின. அவற்றில் பலகையும் இல்லை, இடுக்கும் இல்லை, கலப்பத்துக்கு வேலையும் இல்லை. தூத்துக்குடித் தோணி வணிகத்தை மையமாக வைத்த ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல் 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் திரி அடிக்கும் கையின் பழக்கத்தை எழுத்தில் முழுவதுமாக வைக்க முடியாது. அது ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கற்ற வேலை. மரத்தோணி ஒன்றிரண்டு ஓடும் வரை, அடைக்கத் தெரிந்தவரைத் தேடிப்போக வேண்டியிருக்கும்.