பழவேற்காட்டு ஏரிக்கரை விளக்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கலங்கரை விளக்கம் என்பது பெரும்பாலும் பாடநூற் செய்தியே. ஆயினும் குமாரபாளையத்துத் தறிகளில் நெய்யப்படுவது போன்ற கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் 'காயின் பெலிகாட்' என்று அழைப்பதை அறிந்தால், கடல் நமக்கு அத்துணைத் தொலைவில் இல்லை என்பது புலனாகும். அந்தப் பெலிகாட் வேறெதுவுமன்று. சென்னைக்கு வடக்கே ஏரியும் கடலும் சந்திக்கும் பழவேற்காடே.

ஏறத்தாழ 1516ஆம் ஆண்டில் எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா, இத்துறைமுகத்தில் முஸ்லிம் வணிகர் திரளாக வாழ்ந்ததையும், இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சென்றதையும் குறித்துள்ளார். டச்சுக்காரர் வந்து 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியது அதற்குப் பின்னரே. இன்று பழவேற்காடு என்றதும் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைகளையே எல்லோரும் பேசுகின்றனர். அவர்களுக்கு முன்பே இத்துறையை வளர்த்த நம்மவரைப் பேசுவார் அரிதாகிவிட்டனர். இக்குறை பிறரால் மட்டும் வந்ததன்று. நம் முன்னோரின் கணக்கேடுகளைப் பேணாது விட்டவர்கள் நாமே.

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்கும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்ட மணல்திட்டு கிடக்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைப்பதும் வெள்ளம் அதை உடைப்பதும் ஆண்டுதோறும் காணும் காட்சி. கரைக்கு அப்பால் கடலுக்குள்ளும் மணல்மேடுகள் மறைந்துள்ளன. வடதிசையிலிருந்து சென்னைக்கு வரும் கப்பல்களுக்கு அவை பேரிடர்.

அந்த இடரை உணர்த்தவே 1859ஆம் ஆண்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள அம்மணல்திட்டில் கலங்கரை விளக்கம் அமைக்கப்பட்டது. ஆண்டைக் கவனியுங்கள். டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை 1690இலேயே நாகப்பட்டினத்துக்கு மாற்றியிருந்தனர். 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. வணிகமெல்லாம் சென்னைக்குப் பெயர்ந்த பிறகே இங்கு விளக்கு எரிந்தது! பழவேற்காட்டுக்கு வரும் கலங்களை அழைக்க அன்று, அதனை ஒதுங்கிக் கடந்து செல்லும் கப்பல்களை எச்சரிக்கவே அது நின்றது. சென்னையிலோ 1796இலேயே புனித ஜார்ஜ் கோட்டையில் தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. இன்று பழவேற்காட்டில் நாம் காணும் உயர்ந்த கோபுரம் பிற்காலத்தது.

'கரைதல்' என்பதற்கு அழைத்தல் என்று பொருள். கலத்தைக் கரைந்து அழைப்பதே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்தில் இச்சொல் உண்டு. பெரும்பாணாற்றுப்படையும் தொண்டை நாட்டுத் துறையொன்றின் இரவு விளக்கைப் பாடுகிறது. அரபியில் இதற்கு 'மனாரா' என்று பெயர். ஒளியைக் குறிக்கும் நூர், நெருப்பைக் குறிக்கும் நார் ஆகியவற்றின் வேரிலிருந்தே அச்சொல் பிறந்தது. பள்ளிவாசலின் மனாராவும் அதுவே. ஒன்று கலத்தை அழைக்கிறது, மற்றொன்று மனிதரை அழைக்கிறது. இரு மொழியையும் பயின்றவனுக்கு இப்பொருத்தம் பெருமகிழ்ச்சி தருவது.

உலகப் புகழ் பெற்ற அலெக்சாந்திரிய மனாராவை இப்னு பதூதா 1326இல் ஒரு பக்கம் சிதைந்த நிலையில் கண்டார். 1349இல் மீண்டும் வந்தபோது அதனுள் நுழையவே வழியில்லை. 1477இல் சுல்தான் காயித்பாய் அவ்விடத்தில் கோட்டை எழுப்பினார். பதூதா நம் மஅபர் கரைக்கும் வந்தவர் என்பது நினைவிருக்கட்டும்.

பழவேற்காட்டு விளக்கை அடைய முன்பு ஏரியைப் படகில் கடக்க வேண்டும். இப்போது பாலம் வந்துவிட்டது. ஊரிலுள்ள பள்ளிவாசலில் தொழுகை நேரம் காட்டும் சூரியக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் அங்கே போய்ச் சேரலாம். விளக்கைச் சுற்றி வாழும் மீனவர் தம் ஊருக்கு வைத்துள்ள பெயர் லைட் ஹவுஸ் குப்பம்.