ஆசனங்கள் நிறையாத பெருவிமானங்கள்

சந்தை மந்தமடைந்தால் கடைக்காரன் கொள்முதலைக் குறைத்துக்கொள்கிறான். விமானக் கம்பனிக்கு அது அவ்வளவு இலகுவன்று. இன்று அது கட்டளையிடும் விமானம் சில ஆண்டுகள் சென்ற பின்னரே கைக்கு வந்து சேரும். இதற்கிடையில் காலம் மாறிவிட்டால்? நேயர்களே, 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் நிகழ்ந்தது இதுவே.

பான் அமெரிக்கன் கம்பனியின் தலைவராயிருந்த ஜுவான் டிரிப், 1966 சித்திரையில் 25 போயிங் 747 விமானங்களுக்குக் கட்டளை கொடுத்தார். அவற்றின் பெறுமதி 52 கோடி 50 இலட்சம் டொலர். முந்திய 707 விமானத்திலும் பார்க்க இரு மடங்குக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றவல்லது இப்புதிய விமானம். அக்காலத்தில் பிரயாணிகள் தொகை ஆண்டுதோறும் விரைந்து பெருகியது. அது என்றும் பெருகிக்கொண்டே போகும் எனக் கணக்கிட்டனர். ஒரு கம்பனி வாங்க, மற்றவையும் பின்னிற்கவில்லை.

1970 தை 22ஆந் திகதி முதலாவது 747 நியூ யோர்க்கிலிருந்து பிரயாணிகளுடன் லண்டனுக்குப் புறப்பட்டது. அதற்கு முந்திய மார்கழியிலேயே அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தொடங்கியிருந்தது. ஆசனங்கள் பெருகிய வேளையில் அவற்றில் அமர்வோர் தொகை எதிர்பார்த்தபடி பெருகவில்லை.

கட்டணத்தைக் குறைத்து ஆசனங்களை நிரப்பியிருக்கலாமே என நீங்கள் கேட்கலாம். உள்நாட்டு விமானக் கட்டணங்கள் அக்காலத்தில் அரசாங்கத்தின் சிவில் விமானச் சபையின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஆகவே போட்டி உபசாரத்தில் இறங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பனி 747இல் ஆசனங்கள் சிலவற்றைக் கழற்றிவிட்டு, சாதாரண வகுப்புப் பிரயாணிகளும் கூடியிருந்து பொழுதுபோக்க ஓர் அறை அமைத்து, 1971இல் அதில் மின்சாரப் பியானோ ஒன்றையும் வைத்தது! அவ்விசை, விற்பனையாகாத இடத்தை மறைக்கும் திரையாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டில் அமெரிக்கன், யுனைட்டெட், டி.டபிள்யூ.ஏ. ஆகிய மூன்று கம்பனிகளும் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையிலான சில பாதைகளில் சேவைகளைக் குறைப்பதென உடன்படிக்கை செய்தன. சபையும் அதனை அனுமதித்தது. போட்டியாளர் கூடிப் பேசிச் சரக்கைக் குறைப்பது வேறெந்த வர்த்தகத்திலும் குற்றமாகக் கருதப்பட்டிருக்கும். 1975இல் சபையே அவ்வகை உடன்படிக்கைகளை நிராகரித்தது.

இச்சுமை மிகக் கடுமையாக விழுந்தது சியாட்டில் நகரத் தொழிலாளர் மீதாகும். அங்கே போயிங் கம்பனியில் 1967இல் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் தொழில் புரிந்தனர். 1971 சித்திரையில் எஞ்சியோர் 40,000க்கும் குறைவு. கம்பனிகளின் கட்டளைகள் வற்றிப்போனதோடு, ஒலியினும் வேகமாகச் செல்லும் விமானத் திட்டத்துக்கான பணத்தை 1971 பங்குனியில் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் மறுத்ததும் இதற்குக் காரணமாயிற்று. வீட்டை விற்பாருண்டு, வாங்குவாரில்லை. ஊரைவிட்டு இறுதியாகச் செல்பவர் விளக்கை அணைத்துவிடும்படி வேண்டும் விளம்பரப் பலகையொன்று நெடுஞ்சாலையருகே எழுந்தது. நாட்டியவர்கள் வேடிக்கையாகவே நாட்டினர். வேலையிழந்தவனுக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்குமா?

1973 ஐப்பசியில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 3 டொலராயிருந்த மசகு எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டொலரை அண்மியது. காலி ஆசனங்களைச் சுமந்து பறப்பது இனித் தாங்கொணாத நட்டமாயிற்று. டெல்டாவும் கொன்டினென்டலும் தம் 747களைக் கைவிட்டன. டி.டபிள்யூ.ஏ. தன்னுடையவற்றுட் சிலவற்றை 1975இல் விற்றது. வாங்கியவர் யார்? ஈரானிய அரசு! எந்த எண்ணெய் விலை அவ்விமானங்களை விற்கச் செய்ததோ, அதே விலையால் செல்வம் திரண்ட நாடு.

அமெரிக்கன் ஏர்லைன்சின் 747 ஒன்றை 1974இல் நாசா நிறுவனம் வாங்கியது. 1977இல் என்டர்பிரைஸ் என்னும் விண்வெளி ஓடத்தை முதுகிற் சுமந்து உயரே சென்று விடுவித்தது அவ்விமானமே. 2012 வரை அது இப்பணியைச் செய்தது. பின்னர் ஹூஸ்டன் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது.