கறுத்துப்போகாத படம்

1895 டிசம்பர் 22, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரம். வில்ஹெல்ம் றொண்ட்ஜன் தன்னுடைய மனைவி அன்னா பேர்த்தாவின் கையை எக்ஸ்றே எடுக்கிறார். விரலெலும்பும் மோதிரமும் தெரியிற அந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்கள். உண்மையைச் சொன்னால் அது தெளிவான படமில்லை. எலும்புகளின் ஓரமெல்லாம் மங்கிக் கலங்கிக் கிடக்குது. "எப்படித் தெளிவாக்குறது" எண்ட கேள்வி அந்தக் கையோடயே பிறந்திட்டுது.

நான் கலைப்பீடம். பௌதிகம் எனக்குத் தூரம். ஆனால் இந்த விஷயத்தை விளங்க மழையைக் கவனித்திருந்தால் போதும். சீமெந்து முற்றத்தில தூறல் விழேக்க தரை புள்ளி புள்ளியா நனையும். கொட்டினால்தான் ஒரே சீராக நனையும். எக்ஸ்கதிரும் அப்படித்தான். கொஞ்சமா விழுந்தால் படம் மணல் தூவினமாதிரி இருக்கும். இதை இரைச்சல் எண்டு சொல்லுவினம். கூட விழுந்தால் படம் வடிவாயிருக்கும். ஆனால் அந்த மழை முழுக்க ஒரு மனிசரின்ர உடம்புக்குள்ளால வருது.

அதின்ர விலையை முதலில் கட்டினது படம் எடுத்த ஆக்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி திரும்பத் திரும்பத் தன் கைகளையே கதிருக்குள் வைத்துப் பார்த்தவர். கைகளை வெட்டியும் காப்பாற்ற முடியவில்லை, 1904இல் இறந்துபோனார். இப்படி இறந்த 169 பேரின் பெயர்களோடு 1936இல் ஹம்பேர்க்கில் ஒரு நினைவுக்கல் எழுந்தது.

தெளிவுக்கு இன்னொரு எதிரி, உடம்புக்குள்ள பட்டுச் சிதறி வாற கதிர். 1913இல் குஸ்தாவ் பக்கி ஈயக் கீற்றுகளால் ஒரு வலைத்தட்டுச் செய்து அதைத் தடுத்தார். தட்டின்ர கோடுகள் படத்தில விழுந்தன. சிக்காகோவில் ஹோலிஸ் பொட்டர் தட்டை அசைய வைத்து அந்தக் கோடுகளை மறைத்தார். ஆனால் தட்டு நல்ல கதிரிலும் ஒரு பங்கைத் தின்னும், அதனால டோஸைக் கூட்டவேணும்!

பிலிமிட்ட ஒரு நேர்மை இருந்தது. கதிர் கூடினால் கறுத்துப்போகும், குறைஞ்சால் வெளிறிப்போகும். பிழை விட்டால் எல்லாருக்கும் தெரியும். 1983இல் பியூஜி நிறுவனம் பொஸ்பர் தகட்டில் பதிந்து லேசரால் வாசிக்கிற முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததோட அந்தச் சாட்சி போயிட்டுது. கணினி வெளிச்சத்தைத் தானே சரிசெய்யும். கதிர் குறைஞ்சால் இரைச்சல் தெரியும், வைத்தியர் குறை சொல்லுவார். கூடினால்? படம் இன்னும் அழகாயிருக்கும், ஒருத்தரும் குறை சொல்லாயினம். அதனால ஆருக்கும் தெரியாமலே டோஸ் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. ஆங்கிலத்தில இதுக்கு 'டோஸ் கிரீப்' எண்டு பெயர்.

படம் சொல்லாததை ஒரு எண் சொல்லவேண்டி வந்தது. அதிலயும் ஒரு கூத்து: பியூஜியின்ர எண் 200இலிருந்து 100க்கு இறங்கினால் கதிர் இரட்டிப்பு, கொடாக்கின்ர எண்ணோ 2000இலிருந்து 2300க்கு ஏறினால் இரட்டிப்பு. ஒரே ஆஸ்பத்திரியில ரெண்டு மெஷினும் நிண்டால் வேலைசெய்யிறவரின்ர நிலையை யோசிச்சுப் பாருங்கோ. 2008இல்தான் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான சர்வதேச அளவு வந்தது. அதோட வந்த விலகல் எண்ணில் 0 எண்டால் குறி சரி, 3 எண்டால் தேவையானதைப் போல ரெண்டு மடங்கு. இது திரையில, படத்துக்குப் பக்கத்தில, சின்ன எழுத்தில இருக்கும்.