ஓம் விதியும் குமாரபாளையத்துத் தறிகளும்

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். லோ வோல்டேஜ் வந்தால் பட்டறையில் குண்டு பல்பு மங்கும். ஆனால் தறி மோட்டார் சூடேறும்! கவனிக்காமல் ஓட்டினால் காயில் எரிந்துவிடும். மோட்டாரைக் கழற்றி, காயில் கட்டி வாங்கி வரும்வரை தறி நிற்கும், கூலியும் நிற்கும். ஒரே மின்சாரம் பல்பில் ஒரு விதமாகவும் மோட்டாரில் வேறு விதமாகவும் நடந்துகொள்வது ஏன்? விடை பள்ளிப் பாடத்தில் வரும் இரண்டு சிறிய கணக்குகளில் இருக்கிறது. அந்தக் கணக்குகளுக்கு ஏறக்குறைய 200 ஆண்டு வரலாறு உண்டு.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டு செய்யும் தொழிலாளி. ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளக்கத் தொடங்கினார். அக்கால மின்கலங்கள் நிலையாக மின்சாரம் தரவில்லை. அதனால் பிஸ்மத், தாமிரம் என்ற இரு உலோகங்களை இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, சீரான மின்சாரம் பெற்றார்.

1827-ல் தன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

230 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாய்ந்தால் மின்தடை 115 ஓம். இவ்வளவு எளிய விதியை அன்று ஜெர்மனியில் பலர் ஏற்கவில்லை. ஓம் வேலையை விட்டு விலகினார். 1841-ல் லண்டன் ராயல் கழகம் காப்லி பதக்கம் வழங்கிய பிறகே அவருக்கு உரிய மதிப்பு கிடைத்தது. அவர் 1854-ல் இறந்தார். 1881-ல் பாரிஸில் கூடிய மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

ஜூல் கண்ட வெப்பம்

ஓமுக்குப் பதக்கம் கிடைத்த அதே காலத்தில் இங்கிலாந்தின் ஜூல் இன்னொன்றைக் கண்டறிந்தார். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பொறுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மின்திறன் கணக்கோ இன்னும் சுலபம்:

மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தொலைதூர மின்சாரம் சாத்தியமானது. 1,00,000 வாட் மின்திறனை 1,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 100 ஆம்பியர். கம்பியின் மின்தடை 2 ஓம் என்றால் 20,000 வாட் வழியிலேயே வெப்பமாக வீணாகும். அதையே 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர்தான். இழப்பு வெறும் 200 வாட்!

நீலகிரியில் பைகாரா மின்நிலையம் 1932-லும், மேட்டூர் அணை மின்நிலையம் 1937-லும் இயங்கத் தொடங்கின. அங்கே பிறந்த மின்சாரம் உயர் மின்னழுத்தக் கம்பிகளில் கொங்குச் சமவெளிக்கு இறங்கி வந்தது இந்தக் கணக்கை நம்பித்தான். கைத்தறி ஓடிய ஊர்களில் பின்னாளில் விசைத்தறி பெருகவும் அந்த மின்சாரமே வழி செய்தது.

மோட்டார் ஏன் எரிகிறது?

பல்பு ஓம் சொன்ன வழியிலேயே போகிறது. மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், வெளிச்சம் மங்கும். ஓடும் மோட்டார் அப்படியல்ல. அது சுழலும்போது தனக்குள் ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் மின்தடை மட்டும் அல்ல.

தறி கேட்கும் வேலையோ குறைவதில்லை. மின்னழுத்தம் 20 சதவீதம் குறைந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் சுமார் 25 சதவீதம் அதிக மின்னோட்டம் இழுக்கும். ஜூலின் கணக்குப்படி 1.25 × 1.25 = 1.56. அதாவது காயிலில் வெப்பம் பாதிக்கு மேல் கூடிவிடும். அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே இதற்காகத்தான் இருக்கிறது. அதை நேரடியாக இணைத்துவிட்டு ஓட்டுவது மோட்டாரைப் பலி கொடுப்பதற்குச் சமம்.

கட்டணக் கணக்கு

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் 10 மணி நேரம் ஓடினால் 7.46 யூனிட். 60 நாளுக்கு சுமார் 448 யூனிட். மோட்டாருக்குள் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். தமிழக அரசு 2023-ல் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரத்தை இரு மாதங்களுக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. இந்தக் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய இரண்டு தறிகளின் ஓட்டம்தான். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு தறிக்கும் கட்டணம் உண்டு.

கொலோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் கம்பித் துண்டுகளை அளந்தபோது காவிரிக்கரையில் தறி மோட்டார்கள் கிடையாது. இன்று அவர் விதியும் ஜூலின் விதியும் தெரிந்தால் ஒரு நெசவாளி மோட்டாரையும் காப்பாற்றலாம், மின்கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கிடலாம். தேர்வில் மதிப்பெண் வாங்க மட்டும் படிக்கும் சூத்திரங்கள் அல்ல இவை.