முற்பணமும் பரிசுப் பணமும்

தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கூறியே ஆள்கட்டும் கங்காணிமார் தமிழகத்துக் கிராமத்தவரை இலங்கைக்கு அழைத்தனர் என்பது மலையக மக்களிடையே வழிவழியாக வழங்கிவரும் செய்தியாகும். எத்தனை கங்காணிமார் உண்மையில் இவ்வாறு கூறினர் என ஆராய்வதாற் பயனில்லை. நம்பியோர் பேராசைக்காரர் அல்லர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. 1876-78 ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டவர்க்குத் தேங்காயும் மாசியும் செல்வமன்று, ஒருவேளைக் கறி.

ஆசைச்சொல்லோடு முற்பணமும் வந்தது. ஊர்க்கடனைத் தீர்க்கவும் வழிச்செலவுக்கும் கங்காணி கொடுத்த பணம், மலையேறியதும் தொழிலாளியின் பெயரிற் கடனாக நின்றது. அக்கடனைப் பிணித்து வைத்தது துண்டு முறை. இவ்வளவு கடன் தீர்க்கப்படின் இவ்வாட்கள் விடுவிக்கப்படுவர் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. புதிய துரை பழைய கடனைக் கட்டி ஆட்களைப் பெறுவார். கடன் அழியாது, இடம் மட்டும் மாறும். எழுத்தறியாத தொழிலாளிக்கு அத்தொகை சரியா எனப் பார்க்க வழியில்லை. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேறொரு கடிதம் உலவிற்று. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு செல்வர் வாடுகிறார்; அவரை மீட்கச் சிறிது பணம் அனுப்பினால் அவரது செல்வத்திற் பங்கு கிடைக்கும் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் நைஜீரியக் குற்றவியற் சட்டக்கோவையின் 419 ஆம் பிரிவாற் பெயர்பெற்ற மோசடியும், இன்று கைத்தொலைபேசிக்கு வரும் வெளிநாட்டு லொத்தர்ப் பரிசுச் செய்தியும் இக்கடிதத்தின் வழித்தோன்றல்களே. கங்காணி முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்கினான். இவர்களோ முற்பணத்தையும் நம்மிடமே கேட்கின்றனர். அவ்வகையிற் கங்காணி மேலானவன் எனலாம்.

லொத்தர் மலையகத்துக்குப் புதியதன்று. 1963 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த தேசிய லொத்தர் சபையின் சீட்டுகளை ஹற்றன் கடைவீதியில் வாங்குவோர் அதன் நடைமுறையை நன்கறிவர். காசு கொடுத்துச் சீட்டு வாங்கவேண்டும். அச்சீட்டு கையில் இருக்கவேண்டும். வெளியான இலக்கத்தோடு ஒப்பிடவேண்டும். வரி இருப்பின் பரிசிலேயே கழிக்கப்படும். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாக வரும் செய்தி இவ்வறிவின் முன் நில்லாது. ஆயினும் அது வெற்றிபெறுகிறது. ஏனெனில் அது தொலைவிலிருந்து வருகிறது. லண்டனிலோ டுபாயிலோ உள்ளதாகச் சொல்லப்படும் அலுவலகத்தை லயத்திலிருந்து யார் சென்று பார்ப்பார்? பஞ்சகாலத்துக் கிராமத்தவரும் கண்டியைப் பார்த்திருக்கவில்லை.

முதலிற் கேட்கப்படுவது சிறுதொகை. அதன் பெயர் வரி, சுங்கம், வங்கிக் கட்டணம் என மாறும். ஒருமுறை கட்டியவர் அதை இழக்க மனமின்றி மறுமுறையும் கட்டுவார். “எவரிடமும் சொல்லவேண்டாம்” என்ற எச்சரிக்கையும் உடன் வரும். அயல் லயத்தவரிடமோ பாடசாலை ஆசிரியரிடமோ சொன்னால் அப்பேச்சு அங்கேயே முறிந்துவிடும் என்பது அனுப்பியவனுக்குத் தெரியும். வங்கிக் கணக்கிலக்கத்தையும் இரகசியக் குறியையும் கேட்பவன், பரிசைப் போடுவதற்கு அவற்றைக் கேட்கவில்லை. இழந்தவர் உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் அறிவித்தல் வேண்டும். ஏனெனில் சில நாட்களில் வேறொருவர் அழைத்து, போன பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறுவதும் உண்டு. அதற்கும் முற்பணமாக ஒரு கட்டணம் கேட்பார்.