நுளம்பு வலையும் ஆளில்லாத வளவும்



மாரி தொடங்கிவிட்டது. கடைகளில் நுளம்புத்திரி விற்பனை கூடிவிட்டது. வகுப்பறையில் பிள்ளைகள் காலைச் சொறிந்துகொண்டு இருக்கிறார்கள். எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: நுளம்பை வீட்டுக்குள் வராமல் எப்படித் தடுப்பது?

இந்தக் கேள்விக்கு நம் பெரியவர்கள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தால், இந்த மாரிக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்பதும் விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் இருந்தது புகை. மஃரிபுக்கு முன்பே கதவு யன்னலைச் சாத்தி, வேப்பிலையும் நொச்சியும் தேங்காய் மட்டையும் போட்டுப் புகை காட்டுவது நம் உம்மம்மாமாரின் வழக்கம். வசதியான வீடுகளில் சாம்பிராணி. புகை நுளம்பைக் கொல்லாது, கொஞ்ச நேரம் விலக்கி வைக்கும். ஜப்பானில் உயெயாமா என்பவர் ஒருவகைச் செவ்வந்திப் பூவின் தூளைக் கொண்டு நுளம்புத்திரி செய்தார். அது சுருள் வடிவில் 1902இல் சந்தைக்கு வந்தது. இன்று நாம் கட்டிலுக்குக் கீழே கொளுத்தி வைப்பது அதன் பேரப்பிள்ளைதான். நம் வேப்பிலைப் புகையின் அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது.

புகைக்குப் பின் வலை. ஆனால் வலை கட்டியவர்கள்கூட அந்தக் காலத்தில் கடிக்குப் பயந்து கட்டினார்களே தவிர, காய்ச்சலுக்குப் பயந்து கட்டவில்லை. காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்றே உலகம் நம்பியிருந்தது. ‘மலேரியா’ என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி, இந்தியாவின் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற இராணுவ வைத்தியர் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஓகஸ்ட் 20ஐ உலக நுளம்பு தினம் என்று சொல்வது அதனால்தான். மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு பெரும்பாலும் இரவில்தான் கடிக்கும். ஆகவே இரவில் வலைக்குள் படுப்பது சரியான விடை என்பது அதன் பிறகுதான் உறுதியானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. நமக்கு ஆறு இல்லை. பெய்கிற மழையின் பெரும்பகுதியைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சிவிடும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்புக்கோ ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகள்தான் வேண்டும். 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்து, தென்னிலங்கை ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. 1934 – 35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம் ஊர் ஊராகப் படுத்தது. குடாநாடு அந்த அளவு அடி வாங்கவில்லை. நமக்குக் காய்ச்சல் என்றால் அது வன்னிக் காய்ச்சல்தான். வயல் செய்யவோ வியாபாரத்துக்கோ ஆனையிறவைத் தாண்டிப் போனவர்கள் கொண்டு வருவது.

அடுத்து வந்தது மருந்து. டீ.டீ.ரி. பூச்சிகளைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தின் பவுல் முல்லர் 1939இல் கண்டறிந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இலங்கையில் வீட்டுச் சுவர்களுக்கு அதை அடிக்கத் தொடங்கினார்கள். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் இருந்து இளைப்பாறும், அங்கேயே சாகும். இதுதான் கணக்கு. கணக்கு பலித்தது. ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர் தொகை 1963இல் முழு நாட்டுக்கும் வெறும் 17 ஆகியது.

இந்த 17 என்ற எண்ணை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வென்றுவிட்டோம் என்று நினைத்தார்கள். மருந்தடிப்பு நின்றது. காய்ச்சல்காரரின் இரத்தத்தைப் பார்ப்பது தளர்ந்தது. அந்த நேரத்தில் மழை குறைந்து ஆறுகள் குட்டைகளாகின. மாணிக்கக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்றது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. திரும்ப டீ.டீ.ரி. அடித்தபோது நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. 1970களில் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. 17இலிருந்து ஐந்து இலட்சத்துக்குப் போக ஆறே ஆண்டுகள்.

பிறகு போர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நமக்கு இரண்டு மணித்தியாலம் தரப்பட்டது. வட மாகாணம் முழுவதிலுமாக ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கையில் எடுக்க முடிந்தது சிலதுதான். அதில் நுளம்பு வலையை யார் எடுப்பார்? போய்ச் சேர்ந்த புத்தளமோ மலேரியா நிலைகொண்டிருந்த உலர்வலயம். ஓலைக் கொட்டிலுக்குச் சுவரே இல்லை, எந்தச் சுவருக்கு மருந்து அடிப்பது? நம் தலைமுறை வளர்ந்தது அந்த ஓலைக்குள்தான். 1995இல் வலிகாமத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த தமிழ் உறவுகளுக்கும் அதே கதை. மரத்தடியில் படுத்தவர்களை மலேரியா பிடித்தது. துரத்தப்பட்ட காரணம் வேறு வேறாக இருந்தாலும் இரு சமூகத்தையும் கடித்தது ஒரே நுளம்பு. 1999இல் நாடு முழுவதும் 264,000க்கு மேற்பட்ட நோயாளர்கள் பதிவானார்கள். வடக்கும் கிழக்கும்தான் அதிகம் பாதிக்கப்பட்டன.

இதன் பின் நடந்ததுதான் நம் நாடு பெருமைப்படக்கூடிய பகுதி. போர் நடந்துகொண்டிருந்தபோதே மலேரியாத் தடை இயக்க ஊழியர்கள் வேலையை விடவில்லை. காய்ச்சல் என்று வந்தவர்களின் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். நடமாடும் குழுக்கள் ஊர்களுக்குள் போயின. கண்ட இடமெல்லாம் மருந்தடிக்காமல், நோய் இருக்கும் இடத்தைத் தேர்ந்து அடித்தார்கள். மருந்தூட்டிய வலைகளைக் கொடுத்தார்கள். நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளர்கள் 2012 ஒக்டோபரில் பதிவானார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எந்த ஒரு வீட்டின் வலையும் தனியாக இதைச் செய்யவில்லை. ஒரு காய்ச்சலைக்கூடக் கணக்கில் விடாததுதான் செய்தது.

ஆனால் நாம் ஊர் திரும்பியபோது நமக்காகக் காத்திருந்தது வேறொரு நுளம்பு.

சோனகதெருவையும் புதிய சோனகதெருவையும் நினைத்துப் பாருங்கள். கூரையில்லாத வீடுகள், சுவருக்குள் ஆலமரம், மூடாத கிணறு. இருபது வருடம் யாரும் தண்ணீர் அள்ளாத கிணறு. சிலர் வந்தோம், சிலர் இன்னும் புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், தொழில் அங்கே. சில காணிகளுக்குப் பத்திரம் இல்லை, சிலவற்றுக்குப் பங்காளிகள் பத்துப் பேர். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நுளம்புக்கு இந்த நியாயங்கள் எதுவும் தெரியாது.

ஏ9 வீதி திறந்து போக்குவரத்து கூடியதோடு டெங்கு குடாநாட்டில் வேரூன்றியது. 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டு, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பக்கத்தில் அது தலைதூக்குவது மாரியோடுதான். 2023 டிசெம்பரிலும் 2024 ஜனவரியிலும் யாழ்ப்பாண வைத்தியசாலைகளில் கட்டில் தேடியது பலருக்கு மறந்திருக்காது.

டெங்குவைக் காவும் ஈடிஸ் நுளம்பு, பழைய விடைகளையெல்லாம் பொய்யாக்கிவிட்டது. அது பகலில் கடிக்கிறது, காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. ஆகவே இரவு வலை மட்டும் போதாது. அது குளத்திலோ ஆற்றிலோ பெருகுவதில்லை. சிரட்டை, ரயர், யோகட் கோப்பை, அடைத்த பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, இவைதான் அதன் வீடு. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. கோடையில் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், மழைத் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்காமல் வைப்பவர் பாதி வேலைதான் செய்கிறார். புகையடிக்கும் வண்டி வந்து போனால் பறப்பவை சாகும், தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிகள் சாகாது.

உப்புத் தண்ணீரில் நுளம்பு வராது என்று ஆறுதல்படுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் தேடினார்கள். கைவிட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், வீசிய பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாத்திரங்கள் என்பவற்றின் உவர்த் தண்ணீரிலும் ஈடிஸ் வளர்வதை 2011இல் வெளியிட்டார்கள். உவர்க் கிணறுதானே என்று மூடாமல் விட்ட கிணறும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அது போதாதென்று, மலேரியா அற்ற நாடு என்று சான்று வாங்கிய அதே 2016இன் இறுதியில் மன்னாரில் புதிதாக ஓர் அனோபிலிஸ் இனம் கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் ஸ்ரெபென்சி. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். இதற்கு ஆற்றுக்குட்டை தேவையில்லை, கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். சில ஆண்டுகளுக்குள் யாழ்ப்பாண நகரிலும் அது காணப்பட்டது. ஆறில்லாத ஊர் என்ற நம் பழைய அதிர்ஷ்டம் இந்த நுளம்பிடம் செல்லாது, ஏனென்றால் நாம் கிணறுகளின் ஊர். நுளம்பு இருக்கிறது, கிருமி இப்போது இல்லை. வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வருகிறவர்கள் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். இரண்டும் சந்திக்காமல் பார்ப்பதுதான் நம் வேலை. 1963இன் 17ஐ மறந்துவிடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வீட்டுக்குள் நுளம்பு வராமல் தடுக்கும் இடம் யன்னல் அல்ல. ஈடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே திரிகிறது. நம் பிள்ளையைக் கடிக்கும் நுளம்பு நம் வளவில் பிறந்தது, அல்லது பக்கத்து ஆளில்லாத வளவில் பிறந்தது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் வளவின் சொந்தக்காரர் மீதே பொறுப்பைச் சுமத்துகிறது. ஆனால் புத்தளத்தில் இருக்கும் மாமிக்கு வழக்குப் போட்டு என்ன பயன்? நாம் செய்யக்கூடியது வேறு.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து ஆளில்லாத வளவுகளுக்கு ஒரு பட்டியல் போடுவோம். சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் பேசி, துப்புரவு செய்ய அனுமதி கேட்போம். காணிக்கு யாரும் உரிமை கோரப் போவதில்லை என்பதை வாய்விட்டே சொல்வோம், அந்தப் பயம் பலருக்கு உண்டு. பாவிக்காத கிணற்றை நுளம்பு வலை அடித்த மூடியால் மூடுவோம், அல்லது கப்பி மீன் விடுவோம். தயவுசெய்து குப்பை போட்டு நிரப்பாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே ஓடும் தண்ணீர் ஒன்றுதான். அங்கே கொட்டியது நம் கிணற்றுக்கும் வரும். பள்ளிவாசல் ஹவுழில் மீன் வளர்த்த பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது.

வீட்டில், ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாளி, தொட்டி, பூச்சாடித் தட்டு, பீலி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை என்பது நுளம்பின் கணக்குக்கு முந்தும். காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள், அவரைக் கடித்த நுளம்பு அடுத்தவரைத் தேடும். வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

புத்தளத்திலும் கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கும் உறவுகளே, உங்கள் வீட்டுக் கிணற்றைப் பார்க்க யாராவது அழைத்தால் ஆம் என்று சொல்லுங்கள். நீங்கள் வரும் நாளில் அந்த வளவு உங்களுக்காகத் துப்புரவாக இருக்கட்டும். அதுவரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சலில்லாமல் படிக்கட்டும்.

அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக. உங்கள் வட்டாரத்தில் மூடாத கிணறு இருந்தால், பெயர் விலாசம் போடாமல், உட்பெட்டியில் தெரிவியுங்கள்.